வினாத்தாளுக்கு முன்னால் ஒரு நோட்டு: சேலத்தில் லேப் டெக்னீஷியன் சான்றிதழ் தயாரித்த அனுபவம்

சேலத்தில் பத்தொன்பது வருடமாக லேப் வேலையில் இருக்கிறேன். போன வருடம் இங்கே சில சின்ன லேப்கள் சேர்ந்து, டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு திறன் சான்றிதழ் கொண்டுவரலாம் என்று பேசினார்கள், என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அரசுப் பதிவு வேறு, அதற்குத் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான 2021 சட்டம் இருக்கிறது, இது அதற்கு மாற்று இல்லை.

ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் முதல் கூட்டம். ஆளுக்கொரு பாடப்புத்தகத்தோடு வந்து ஒரே மதியத்தில் நூறு கேள்வி எழுதிவிட்டோம். கிராம் ஸ்டெயினில் முதலில் எந்தச் சாயம், ஹீமோகுளோபின் நார்மல் எவ்வளவு, இந்த மாதிரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு லேபில் ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் 8.1 வந்தது, உயிருக்கே ஆபத்தான அளவு, கால்சியமோ 5.2, ரொம்பக் குறைவு. நான் மெஷினைச் சந்தேகப்பட்டு, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டினேன், கன்ட்ரோல் சரி, ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். நல்லவேளை, டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார், பொட்டாசியம் 4.3, நார்மல். விசாரித்தால், சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை என்று வயலட் மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். அந்த வயலட் டியூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கிற பொட்டாசியம் இடிடிஏ, பொட்டாசியத்தை ஏற்றிவிடும், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம். எங்கள் நூறு கேள்விக்கும் பதில் தெரிந்த ஒருவரால் இதே தவறைச் செய்ய முடியும் என்பதுதான் என் கவலை.

அதனால் கேள்வியை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு லேபிலும் மேஜைக்கு ஒரு நோட்டு வைத்தோம். அன்றைக்கு என்னென்ன செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள், அவ்வளவுதான், இரண்டு வாரம். படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ரத்தம் உடைந்துபோன சாம்பிளைத் திருப்பி அனுப்பியது, பெயர் மாறிய டியூபுக்காக வார்டுக்கு ஓடியது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி ஆபத்தான எண்ணைச் சொன்னது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, இதில் ஒன்றுகூட எங்கள் நூறில் இல்லை. அப்புறம் அந்த நோட்டிலிருந்துதான் பாடத்திட்டமே வந்தது. செய்முறைத் தேர்வில் ஒரு போன் வைத்தோம். எண்ணைச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவைத்து, நேரத்தைக் குறித்தால்தான் மதிப்பெண்.

பாஸ் மார்க்குக்கும் சண்டைதான். வழக்கம்போல ஐம்பது என்றார்கள். பாஸ் மார்க்கை முடிவுசெய்ய ஆங்காஃப் முறை என்று ஒன்று உண்டு, 1971-இலிருந்து இருக்கிறது. தட்டுத்தடுமாறித் தேறக்கூடிய பத்துப் பேரை மனதில் நிறுத்தி, இந்தக் கேள்விக்கு அவர்களில் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகக் குறித்து, அதன் சராசரியைப் பாஸ் மார்க்காக வைப்பது. அலுப்பான வேலை, ஆனால் செய்தோம். பயிற்சி கொடுப்பவர் தேர்வில் மதிப்பெண் போடக் கூடாது என்பதில் மட்டும் நான் கடைசிவரை இறங்கிவரவில்லை.

*

ஏற்காட்டிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, முன்னோட்டத் தேர்வு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. கேள்விகள் தமிழிலும் இருந்தது பெரிய நிம்மதி. போன் முன்னால் உட்கார்ந்ததும்தான் கை நடுங்கிவிட்டது, பதினோரு வருடமாக எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன், திருப்பிச் சொல்லுங்கள் என்று ஒரு டாக்டரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இங்கே எஸ்டேட் ஆட்களுக்குக் காலையில் எடுக்கிற ரத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருகிறது. செல்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 140 இருந்தவருக்கு நாலு மணி நேரத்தில் 110-க்குக் கீழேயே போகலாம், அவரிடம் சர்க்கரை நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவோம். சர்க்கரை குறையாமல் தடுக்கிற ஃப்ளூரைடு டியூபில் போட்டாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மலையிலேயே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செல்களைப் பிரித்துவிட வேண்டும் என்று தெரிகிறதா, இதைக் கேளுங்கள்.

*

தங்கச்சி, நியாயம். எங்கள் நோட்டு எல்லாம் கீழே இருக்கிற லேபில்தான் வைத்தோம், மலையில் ஒன்றுகூட வைக்கவில்லை. அடுத்த வாரம் கொடுத்தனுப்புகிறேன். ரத்தம் எடுத்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், இங்கே வந்து சேர்ந்த நேரம் மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவையுங்கள், அந்த நேரங்களை வைத்தே கேள்வியை எழுதிவிடலாம்.