இன்னும் ஒன்பது நாள் கரண்ட் பாக்கி

பெரிய மாமா (காலை 7:10): இந்த வீடியோவைப் பாருங்கள். ஒளி காட்டியே மார்பகப் புற்றுநோயைக் கரைத்துவிடுகிறார்களாம், கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கவே தேவையில்லையாம். தங்கைக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கிறதே, நிறுத்திவிட்டு இதை விசாரிக்கலாமா?

கார்த்தி: நித்யா அக்கா, அம்மா இதைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

நித்யா: சித்தி, நீங்கள் முதலில் கிளம்புங்கள். ஒரு நாளைக்கூட விட வேண்டாம். நான் டியூட்டியில் இருக்கிறேன், மதியம் எழுதுகிறேன்.

நித்யா (மதியம் 1:25): மாமா, அது முழுப் பொய் இல்லை. ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றுவார்கள். அது கட்டியில் தங்கியதும் சிவப்பு லேசரைக் காட்டுவார்கள். மருந்து அந்த ஒளியை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை வீரியம் ஏறிய ஒன்றாக மாற்றும். அதுதான் செல்லைக் கொல்கிறது. அமெரிக்காவில் தாமஸ் டோகர்ட்டி குழுவினர் 1978-லேயே 25 பேருக்குச் செய்து எழுதியிருக்கிறார்கள். தோலிலும் தோலுக்கு அடியிலும் இருந்த 113 கட்டிகளில் 111 கரைந்தன அல்லது சுருங்கின.

கார்த்தி: அப்புறம் ஏன் எல்லோருக்கும் அதையே செய்வதில்லை?

நித்யா: இருட்டில் மொபைல் டார்ச்சை விரல் நுனியில் வைத்துப் பார். சிவப்பாகக் கசியும். உள்ளங்கையில் வைத்தால் மங்கிவிடும். உடம்புக்குள் ஒளி ஒரு சென்டிமீட்டர் போவதே பெரிய பாடு. ஆழத்தில் இருப்பதைக் கரண்ட்தான் எட்டும்.

நித்யாவின் அம்மா: அந்த மருந்து ஏற்றினால் வெயிலில் போகக் கூடாதாமே?

நித்யா: ஆமாம் அம்மா. போட்டோஃப்ரின் என்ற ஒளி மருந்து என்றால் 30 நாளாவது.

பெரிய மாமா: சரி, கரண்ட் வைத்தும் சிலருக்குத் திரும்ப வருகிறதே நித்யா. அந்தப் பயத்தில்தான் அனுப்பினேன்.

நித்யா: புரிகிறது மாமா. கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. அடங்காத செல் அதை ஒட்டுப்போட்டுக்கொண்டு பிழைத்துவிடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இருக்கும் செல்லுக்கோ ஏறக்குறைய 3 மடங்கு கதிர் வேண்டும். ஒளி மருந்து அடிப்பது வேறு இடத்தில்: செல்லின் சவ்வு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா. டிஎன்ஏவை ஒட்டுப்போடும் சாமர்த்தியம் அங்கே உதவாது. அதனால்தான் இரண்டையும் *சேர்த்து*க் கொடுத்துப் பார்க்கிறார்கள். வீடியோவில் விட்டுப்போனது அந்தச் சொல்தான்.

நித்யா: ஒரு சிக்கலும் உண்டு. ஒளி மருந்தும் ஆக்சிஜனைத் தின்னும். அதனால் எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதெல்லாம் முக்கியம். எக்ஸ்ரே பட்டால் தானே ஒளிரும் நுண்துகள்களையும் செய்திருக்கிறார்கள். கதிரே கட்டிக்குள் போய் விளக்கேற்றும்! படிக்கும்போதே மனசு துள்ளுகிறது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு இந்தக் கூட்டுச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. இதை நம்பிக் கரண்டைப் பாதியில் விடவே கூடாது.

சித்தி (மாலை 5:50): போய் வந்துவிட்டேன். கரண்ட் வைக்கும் இடத்தைக் குறித்த மார்க்கர் கோடு வியர்வையில் அழிந்திருந்தது, அந்தப் பெண் மறுபடி வரைந்தாள். படுத்திருந்தபோது நெஞ்சின் மேல் பச்சை லேசர் விழுந்ததே, அதுதான் இந்த ஒளியா நித்யா?

நித்யா: இல்லை சித்தி, அது நீங்கள் நேராகப் படுத்திருக்கிறீர்களா என்று பார்க்க மட்டும். கோடு அழிந்தால் நீங்களே வரைந்துகொள்ளாதீர்கள். அங்கே சொல்லுங்கள்.

பெரிய மாமா: வீடியோவை அழித்துவிட்டேன். நாளை நானே வண்டி எடுத்து வருகிறேன், 9 மணிக்குத் தயாராக இரும்மா.

சித்தி: சரி அண்ணா. இன்னும் எட்டுதான்.