ஆகாயத்தாமரையில் கேஸ் எடுக்கப் பார்த்தேன், எரியவில்லை. எங்கே தவறு?

வியாசர்பாடி வாசி:
எங்கள் தெருவுக்குப் பின்னால் கேப்டன் காட்டன் கால்வாய். இயந்திரம் வந்து ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்துவிட்டுப் போனால் கொஞ்ச நாளில் தண்ணீர் தெரியாதபடி மறுபடி மூடிவிடுகிறது, குவித்ததோ அங்கேயே அழுகி நாறுகிறது. எப்படியும் அழுகத்தானே போகிறது, டிரம்முக்குள் அழுகினால் அடுப்பாவது எரியுமே என்று 200 லிட்டர் டிரம் நிறைய நறுக்கிப் போட்டு, ஒரு வாளி சாணம் கரைத்து ஊற்றி மூடினேன். நான்காம் நாளே கேஸ் பிடிக்க மாட்டியிருந்த டியூப் உப்பியது. பற்றவைத்தால் தீக்குச்சிதான் அணைகிறது. இன்று 12 நாள். புளித்த வாடை, செடியெல்லாம் மேலே ஆடை மாதிரி கட்டி நிற்கிறது. கொட்டிவிடவா?

மாதவரத்துக்காரன்:
கொட்டாதீங்க தம்பி. முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயுவும் டிரம்மில் இருந்த காற்றும்தான், அது எரியாது. உங்கள் சிக்கல் புளிப்பு. செடியை உடைத்து அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருபவை மெதுவாகத்தான் வளரும். ஒரே நாளில் டிரம்மை நிரப்பினால் அமிலம் தேங்கி, பின்னவை வேலையை நிறுத்திவிடும். புளிப்பின் அளவைக் காட்டும் பிஹெச் தாள் வாங்கிப் பாருங்கள், 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 6.5-க்குக் கீழே போயிருந்தால் புதிதாக எதுவும் போடாதீர்கள். பாதியை வெளியே எடுத்துவிட்டு, சாணமும் தண்ணீரும் சமமாகக் கரைத்து ஊற்றி, சுண்ணாம்புத் தெளிநீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பொறுத்திருங்கள். சாணத்துக்கு அலைய வேண்டாம், மாதவரம் பால் பண்ணைப் பக்கம் மாட்டுக் கொட்டகைகளில் கேட்டுப் பாருங்கள்.

மிதப்பதற்குக் காரணம் தண்டு. பஞ்சு மாதிரி காற்றடைத்த தண்டு, நறுக்கினால் போதாது, நசுக்க வேண்டும். ஒரு நாள் வெயிலில் வாட்டிவிட்டு நசுக்குங்கள், தினமும் கலக்கிவிடுங்கள். இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான், அதனால் 100 கிலோ பச்சைச் செடிக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கேஸ் கிடைத்தாலே நல்ல விளைச்சல், அதில் இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பு எரியும். நம் ஊர் வெக்கை இதற்கு வரம், குளிர் ஊர்க்காரர்கள் தொட்டியைச் சூடாக்கவே செலவு செய்கிறார்கள்.

இன்னொன்று, டியூப் வாயில் நேராகத் தீ வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே காற்று கலந்திருந்தால் வெடிக்கும். தீ உள்ளே திரும்பாதபடி நடுவில் தண்ணீர்ப் பாட்டில் வழியாகக் குழாயை விடுங்கள்.

எண்ணூர்க் கரை:
மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கழிவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. தண்ணீரில் இருக்கும் ஈயம், காட்மியம், குரோமியத்தை இந்தச் செடி இழுத்து வைத்துக்கொள்ளும், அதிலும் வேரில்தான் அதிகம். உலோகம் கேஸாகப் பறந்துவிடாது, செடி கரையக் கரைய டிரம்முக்கு அடியில் தங்கும் கூழில்தான் நிற்கும். மணலி, எண்ணூர் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்ததாக இருந்தால் அந்தக் கூழைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். பரிசோதனை செய்யாத வரை அரளி, செம்பருத்தி மாதிரி பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேரை வெட்டி எறிந்துவிட்டு இலையும் தண்டும் மட்டும் போட்டால் சேறும் குறையும், உலோகமும் குறையும். வெட்டிய வேரையும் கால்வாயிலேயே தள்ளிவிடாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

வியாசர்பாடி வாசி:
24 நாள் கழித்து எழுதுகிறேன். பிஹெச் 6-க்கும் கீழே போயிருந்தது. சொன்னபடி பாதியை எடுத்துவிட்டுச் சாணம் ஊற்றினேன், முதல் 2 வாரம் ஒன்றுமே நடக்கவில்லை, விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். நேற்று சாயங்காலம் நீலமாக எரிந்தது! அம்மா அதில் டீ போட்டார், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நின்றது. அழுகிய முட்டை வாடைக்கு இரும்புத் துருவல் அடைத்த குழாய் வைத்திருக்கிறேன், நன்றாகவே குறைந்திருக்கிறது. வேரை வெட்டித் தனியாகச் சாக்கில் வைத்திருக்கிறேன். கூழ் செம்பருத்திக்குப் போகிறது. கையால் நசுக்கித்தான் தோள் விட்டுப் போகிறது, புல் வெட்டும் மெஷின் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கரையில் இன்னும் 2 குவியல் கிடக்கிறது, மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும்.