ரிட்ராக்சனுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வுச் சஞ்சிகை ஒன்றின் வெளியீட்டு ஒழுக்கக் கொள்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளி பின்னேரம் கொடுக்க வேண்டும். கருத்துத் திருட்டு, நலன்முரண் எல்லாம் ஒருமாதிரி வந்துவிட்டன, வெளியான கட்டுரை இனிச் செல்லாது என்று அறிவிக்கும் ரிட்ராக்சன் மட்டும் இழுக்கிறது. 'மீளப்பெறல்' என்று போட்டு வகுப்பில் காட்டினேன். "கட்டின காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பிள்ளையில் பிழையில்லை, வங்கித் துண்டில் இருப்பதும் அந்தச் சொல்தானே.
– உப்புவெளி

தங்கச்சி, 'நீக்கம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கட்டுரை எங்கும் போகாது, அதே இடத்தில் இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே முத்திரை விழும், ஏன் என்ற அறிவித்தலும் கூட வரும். வழக்கைக் 'கைவாங்கல்' என்பார்களே, அது சரிவராதா? வாப்பா கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ராத்தா கேட்ட சைக்கிளைக்கூட "கோரிக்கை கைவாங்கப்பட்டது" என்றுதான் முடித்துவைத்தார்.
– கிண்ணியா

நானா, நல்ல சொல்தான். ஆனால் வழக்குப் போட்டவர்தான் கைவாங்குவார். இங்கே கட்டுரையாளர் சம்மதிக்காவிட்டாலும் சஞ்சிகை ஆசிரியர் செய்யலாம். 1997இல் பிரித்தானியாவில் தொடங்கிய, வெளியீட்டு ஒழுக்கத்துக்கான கோப் குழுவின் வழிகாட்டலும் அதுதான். லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் 1998இல் வந்த, எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரையை எடுங்கள். 2004இல் 13 கட்டுரையாளர்களில் 10 பேர் அதிலிருந்த விளக்கத்தை விட்டு விலகினார்கள், அது கைவாங்கல். 2010இல் சஞ்சிகையே முழுக் கட்டுரையையும் செல்லாது என்றது, அது வேறு வேலை. சட்டத்தில் செல்லாததை 'வெற்றும் வறிதும்' என்கிறோம் அல்லவா, 'வறிதாக்கல்' என்று வைப்போமே.
– மூதூர்

வறிதாக்கலா! தொல்காப்பிய உரியியலில் 'வறிது சிறிதாகும்' என்று கிடக்கிறது. அப்படியென்றால் கட்டுரையைச் சிறிதாக்கினோம் என்று ஆகிவிடும், அது சுருக்கம். நான் 'மறுதலிப்பு' என்பேன். மறு என்றால் கறை, மறு என்றால் இன்னொன்று, மறு என்றால் வேண்டாம். கறைபட்ட கட்டுரையை மறுபடி பார்த்து மறுத்தோம், மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது பாருங்கள்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நிலாவெளி

சேர், மறுதலிப்பு என்றால் எங்கள் வீட்டில் இயேசுவைத் தெரியாதென்ற பேதுருவும் சேவலும்தான் ஞாபகம் வருவார்கள். பேசாமல் 'வாபஸ்' போடுங்கள், வேட்புமனு வாபஸ் என்றால் மீன் சந்தையிலும் விளங்கும்.
– பாலையூற்று

வாபஸ் பாரசீகம் தம்பி.
– நிலாவெளி

சஞ்சிகை மட்டும் எந்த ஊர் சேர்?
– பாலையூற்று

'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை விட்டு, என்று தொல்காப்பியம் சொன்னபடி அது ஒழுங்காக நம் எழுத்தில் வந்திருக்கிறது. வாபஸில் ஸ் அப்படியே நிற்கிறதே. 'வாபசு' என்று எழுதினால் யோசிக்கலாம்.
– நிலாவெளி

வியாழன் இரவு பதினொரு மணி, எனக்குக் கண் சொக்குகிறது. தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் மீளப்பெறலுக்கு 5, வறிதாக்கலுக்கு 2, மறுதலிப்புக்குச் சேர் ஒருவர், வாபஸுக்கு 1. கட்டுரையாளர் தானே செய்தால் கைவாங்கல், சஞ்சிகை செய்தால் மீளப்பெறல் என்று போட்டு, காசு சம்பந்தமில்லை என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன்.
– உப்புவெளி

அடியில் வரி எழுதித்தான் விளங்கவேண்டும் என்றால் அது என்ன சொல்? பெறல் என்றால் கைநீட்டி வாங்குவது. சஞ்சிகை இங்கே எதை வாங்குகிறது? எனக்கு உடன்பாடில்லை, பதிந்துகொள்ளுங்கள்.
– மூதூர்

நானும் மறுதலிப்பைக் கைவாங்கவில்லை. அதையும் பதியுங்கள்.
– நிலாவெளி