எண்ணூர் தோணித்துறைப் பணி: ஜல்லிக்குக் காரவினைச் சோதனை தேவையா?

தண்டையார்பேட்டை ஒப்பந்ததாரர்:
எண்ணூரில் எடுத்திருக்கும் தோணித்துறைப் பணிக்கு, ஜல்லியில் கார-சிலிக்கா வினை வருமா என்று ஓராண்டுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். சென்னையில் நாம் வாங்குவது பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல் ஜல்லி. அதில் கட்டிய பழைய பாலங்கள் இன்றும் நிற்கின்றன. இந்தக் கடற்கரையில் கான்கிரீட்டைக் கெடுப்பது கம்பியின் துருதான். சோதனைக்கு ஆகும் செலவில் கவரை, அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமனை, கூட்டிவிடலாம்.

ராயபுரம் கட்டமைப்புப் பொறியாளர்:
துருவைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் சார். ஆனால் சிமென்டின் காரங்களான சோடியமும் பொட்டாசியமும் ஜல்லியிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து உண்டாக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்கிறது; அந்த விரிசல் வழியாக உப்பு இன்னும் எளிதாகக் கம்பியை எட்டும். பழைய பாலங்களின் கலவையில் சிமென்ட் குறைவு. இன்று கன மீட்டருக்கு 450 கிலோ போடுகிறோம்; அதனால் காரமும் கூடுகிறது. சிமென்டில் காரம் 0.6 சதவீதம் என்றால் 2.7 கிலோ, 0.8 என்றால் 3.6 கிலோ. இத்துடன் கடல்நீரின் சோடியமும் சேரும்.

தண்டையார்பேட்டை ஒப்பந்ததாரர்:
அப்படியானால் 80 டிகிரி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் காரைப் பட்டையை 14 நாள் ஊறவைக்கும் சோதனையோடு முடித்துக்கொள்ளலாமே. விரிவு 0.10 சதவீதத்துக்குள் நின்றால் போதாதா? ஓராண்டு காத்திருந்தால் டெண்டர் காலமே முடிந்துவிடும்.

அத்திப்பட்டு ஆய்வக ஊழியர்:
அந்தச் சோதனை இரு பக்கமும் ஏமாற்றும். நல்ல ஜல்லி சில நேரம் தோற்கும். அழுத்தத்தில் நெளிந்த குவார்ட்ஸ் உள்ள கிரானைட், நைஸ் போன்ற மெதுவாக வினைபுரியும் கற்கள் 14 நாளில் தேறிவிட்டு, ஆண்டுகள் கழித்து வேலையைக் காட்டும். உத்தரப் பிரதேசத்தின் ரிஹாந்த் அணையில் இந்த வினை வந்ததற்குக் காரணமே நெளிந்த குவார்ட்ஸ்தான். ஆகவே முதலில் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். குவாரியில் கல் வெட்டும் முகம் மாறினால் மறுபடியும் பாருங்கள். ஐயம் இருந்தால் 38 டிகிரியில் ஓராண்டு வைக்கும் கான்கிரீட் பட்டகச் சோதனைக்கு ஈடில்லை. அதன் விரிவு வரம்பு 0.04 சதவீதம்.

ராயபுரம் கட்டமைப்புப் பொறியாளர்:
காலம் இல்லையென்றால், வினையை அடக்க, சிமென்டில் கால் பங்குக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து, அதே கலவையை 14 நாள் சோதியுங்கள். நிலக்கரிச் சாம்பல் வேறு, சுண்ணாம்பு மிகுந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பல் வேறு; பின்னதில் அதே அளவு போதாமல் போகலாம்.

தண்டையார்பேட்டை ஒப்பந்ததாரர்:
சாம்பல் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சோதனைச் செலவை விலைப்பட்டியலில் தனி இனமாகக் காட்டாமல் எங்கள் தலையில் கட்டுவதை ஏற்க மாட்டேன்.