பேட்டரி கசிந்த 486 மதர்போர்டு: கரண்ட் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பழம்பெட்டி
வணக்கம். காயலான் கடைக் குவியலிலிருந்து எடுத்த 486 (1990-களின் தொடக்கத்து பிசி) மதர்போர்டு ஒன்று கையில் இருக்கிறது. டிஎக்ஸ்2-66 பிராசஸர், 30 பின் சிம் (SIMM) மெமரி அட்டைகள் நான்கு, தலா 4 எம்பி. ஏஎம்ஐ கம்பெனியின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், பலகையிலேயே இருக்கும் நிரல்). கீபோர்டு சாக்கெட் பக்கத்திலுள்ள 3.6 வோல்ட் உருளை பேட்டரி கசிந்து சுற்றிலும் நீலப்பச்சையாகப் பூத்திருக்கிறது. அதன் கீழே ஓடும் செம்புத் தடங்கள் சில கறுத்துவிட்டன. அட்டைகள் செருகும் முதல் ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் ஓரத்திலும் பச்சை தெரிகிறது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து ஏடி பவர் சப்ளை கிடைக்கவில்லை, பிற்காலத்து ஏடிஎக்ஸ் ஒன்று உண்டு. சமையல் சோடா கரைத்துத் தேய்த்தால் போதும் என்கிறார்கள். சரியா? எதில் தொடங்குவது?

ஈயப்பற்று
சோடா வேண்டாம். அது கார் பேட்டரிக்குச் சொல்லும் வைத்தியம். அங்கே கசிவது அமிலம். உங்களுடையது நிக்கல்-காட்மியம். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காரத்தின் மேல் சோடாவைப் போட்டு ஒரு பயனும் இல்லை. மளிகைக் கடை வெள்ளை வினிகர்தான் இதற்கு மருந்து.

முதலில் கையுறை. காட்மியம் விஷம், பொடியை ஊதிவிடாதீர்கள். பேட்டரியை நெம்பிப் பிடுங்கினால் அரித்துப்போன செம்பு வட்டமும் கூடவே உரிந்து வரும். கால்களைக் கட்டிங் பிளேயரால் வெட்டி உடலை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களைச் சால்டரிங் அயனால் தனியாக எடுங்கள். எடுத்ததைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

பிறகு பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் வினிகரைத் தொட்டு, பூத்த இடத்தில் மட்டும் தேயுங்கள். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பலகையை வினிகரில் மணிக்கணக்கில் ஊறப்போடுபவர்கள் உண்டு. அமிலமும் செம்பைத் தின்னும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்லாட்டுக்குள் எட்டாத இடத்துக்கு ஊசி போடும் சிரிஞ்ச் உதவும். அடுத்து டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசி, கடைசியாக 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஸ்லாட்டுக்கு அடியில் தங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

இப்போதுதான் உண்மையான சேதம் தெரியும். தடத்தின் மேலிருக்கும் பச்சைப் பூச்சு அப்படியே இருக்க, அதற்கு அடியிலேயே காரம் ஊர்ந்து போயிருக்கும். கறுத்த தடம் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில், இரண்டு முனைக்கும் இடையே சோதியுங்கள். தடத்தை ஊசியால் குத்திப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல சமயம் தடம் நன்றாகவே இருக்கும், மேலிருந்து கீழே போகும் துளைக்குள் செம்பு போயிருக்கும். அறுந்த இடத்தில் இரண்டு முனையிலும் பூச்சைச் சுரண்டி, செம்பு பளபளக்கும்வரை கண்ணாடியிழைப் பென்சிலால் தேய்த்து, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) போட்டு ஈயம் பூசி, 30 கேஜ் கம்பியால் பாலம் போடுங்கள். ஈயம் உருண்டு ஓடினால் அரிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அயனின் சூட்டைக் கூட்டாதீர்கள், இன்னும் சுரண்டுங்கள்.

செம்புத்தடம்
மேலே சொன்னதோடு ஒன்று. கரண்ட் கொடுக்கும் முன் டான்டலம் கெபாசிட்டர்களைச் சோதியுங்கள். ஸ்லாட்டுகளின் அருகே மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ துளி மாதிரி நிற்பவை. பல வருடம் சும்மா கிடந்த டான்டலம் ஷார்ட் ஆவது சகஜம். சப்ளை எடுக்காமல் நின்றுவிடும், இல்லையென்றால் அந்தத் துளி பட்டாசாக வெடிக்கும். முதல் தடவை குனிந்து பார்க்காதீர்கள்.

கார்டு எதுவும் செருகாமல், ஐஎஸ்ஏ ஸ்லாட்டிலேயே கிரவுண்டுக்கு எதிராக ஓம் அளக்கலாம். ஸ்லாட்டின் பின்கள்: B1 கிரவுண்டு, B3 +5, B5 -5, B7 -12, B9 +12. +5-இல் சில பத்து ஓம் காட்டினால் பயப்பட வேண்டாம், சில்லுகள் அத்தனையும் அதில்தான் தொங்குகின்றன. 12 வோல்ட் தடங்களில் ஒன்றிரண்டு ஓம் வந்தால் அந்த வரிசை டான்டலத்தில் ஒன்று போய்விட்டது. 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இருந்த இடத்தில் 25 வோல்ட் போடுங்கள். டான்டலத்தில் கோடு போட்ட கால் பிளஸ். அலுமினிய கெபாசிட்டரில் கோடு மைனஸ். இதைக் குழப்பித்தான் புதுசையும் வெடிக்க வைக்கிறார்கள்.

ஏடிஎக்ஸ் தாராளமாகப் போதும். மாற்றுக் கேபிள் கிடைக்காவிட்டால் பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் சப்ளை ஓடும். ஏடிஎக்ஸின் சாம்பல் கம்பிதான் பவர் குட் (வோல்ட் சரியாக வந்துவிட்டது என்ற சைகை), அது பலகைக்குக் கரண்ட் வரும் பி8 (P8) கனெக்டரின் முதல் பின்னுக்குப் போக வேண்டும். அது இல்லாமல் பலகை ரீசெட்டிலேயே கிடக்கும், நீங்கள் பிராசஸரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். பி8, பி9 (P8, P9) கனெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருகும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் சேர வேண்டும். மாற்றினால் பலகைக்குக் கருமாதிதான். -5 வோல்ட் புது சப்ளைகளில் வராது. இந்தப் பலகைக்கு அது தேவைப்படாது, சில பழைய ஒலி அட்டைகள்தான் கேட்கும்.

ஜம்பரையும் (பின்களை இணைத்து அமைப்பை மாற்றும் சிறு மூடி) பாருங்கள். டிஎக்ஸ்2-66-க்கு 5 வோல்ட், பஸ் வேகம் 33 மெகாஹெர்ட்ஸ்.

பழம்பெட்டி
இருவருக்கும் நன்றி. வினிகர், தண்ணீர், ஆல்கஹால் மூன்றும் முடிந்தது. மூன்று தடம் அறுந்திருந்தது, பாலம் போட்டாயிற்று. 12 வோல்ட் தடங்களில் ஷார்ட் இல்லை. திரைக்கான விஜிஏ அட்டையோடு கரண்ட் கொடுத்தால் ஆறு பீப், திரை இருட்டு. மெமரியை இடம் மாற்றியும் அதே ஆறு.

செம்புத்தடம்
நல்ல சேதிதான். பீப் அடிக்கிறது என்றால் பிராசஸர், பயாஸ், மெமரியின் அடித்தளம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மெமரியைத் தொட வேண்டாம். அது கோளாறானால் ஏஎம்ஐ ஒன்றோ மூன்றோ அடிக்கும். எட்டு என்றால் விஜிஏ. ஆறு என்றால் கீபோர்டு கன்ட்ரோலர் அல்லது ஏ20 கேட் (1 எம்பிக்கு மேலுள்ள மெமரியைத் திறக்கும் இணைப்பு). கசிந்த இடத்தில் இருப்பதும் அதுதானே.

அந்தக் கன்ட்ரோலர் 8042 என்ற 40 கால் சில்லாக இருக்கும், மேலே பெரும்பாலும் பயாஸ் கம்பெனி ஸ்டிக்கர். சாக்கெட்டில் இருந்தால் கழற்றி, சாக்கெட் உள்ளே பச்சை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள், துடைப்பதில் நேரம்தான் போகும். பிறகு கரண்டில் அளக்க: 40-ஆம் காலில் +5, 20-இல் கிரவுண்டு, 4-ஆம் கால் ரீசெட், அது உயர்ந்து நிற்க வேண்டும். 22-ஆம் கால் ஏ20 கேட். அங்கிருந்து சிப்செட் பக்கம் போகும் தடத்தைக் கடைசிவரை பின்தொடருங்கள். கீபோர்டு கிளாக் 1-ஆம் காலுக்கும் டேட்டா 39-ஆம் காலுக்கும் வரும்.

வட்ட சாக்கெட்டில் 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்டு, 5 +5 வோல்ட். கிளாக்கும் டேட்டாவும் சும்மா இருக்கும்போது 5 வோல்ட் அருகே நிற்க வேண்டும். ஐந்தாம் பின்னில் வோல்ட் வராவிட்டால் பக்கத்திலிருக்கும் சிறு ஃபியூஸைப் பாருங்கள். ரெசிஸ்டர் மாதிரியே இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

ஈயப்பற்று
எல்லாம் ஓடிய பிறகு அதே இடத்தில் இன்னொரு நிக்கல்-காட்மியம் வைத்துவிடாதீர்கள். பேட்டரியே இல்லாமலும் பலகை ஓடும். ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லும், டிஸ்க் அமைப்பை மறந்துவிடும், அவ்வளவுதான். வெளி பேட்டரிக்கு என்று நான்கு பின் வரிசை இருக்கும். வழக்கமாக 1 பிளஸ், 4 கிரவுண்டு, உள் பேட்டரிக்கு 2-3 ஜம்பர். நம்பிவிடாமல் 4-ஐ கிரவுண்டோடு பீப் வைத்துப் பாருங்கள். மூன்று டபிள்-ஏ செல் கொண்ட பெட்டியை நீளக் கம்பியில் இணைத்து, பலகையிலிருந்து தள்ளிக் கேபினெட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். இனி கசிந்தாலும் தகரத்தோடு போகும்.

பழைய பேட்டரி இருந்த துளையில் நேராக சிஆர்2032 வைப்பது பெரிய தப்பு. அங்கே சார்ஜ் செய்யும் மின்னோட்டம் வரும், அந்தச் செல் சார்ஜ் ஏற்காது. வைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் டயோடு கட்டாயம்.

பழம்பெட்டி
22-ஆம் காலின் தடம் பேட்டரிக்கு அடியிலேயே ஒரு துளையில் அறுந்திருந்தது. மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு இருபுறமும் ஈயம் வைத்ததும் திரை வந்தது, எல்லாம் சரி என்ற ஒரே பீப், மெமரி 16 எம்பி எண்ணுகிறது. அடுத்து டிஸ்க். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 4 ஜிபி சிஎஃப் மெமரி கார்டை ஐடிஇ (டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் வைத்தால் செட்டப்பில் என்ன எண் கொடுப்பது?

செம்புத்தடம்
1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். 504 எம்பிதான் தெரியும், அந்தக் காலத்து பயாஸின் எல்லை அது. டாஸ் 6.22-க்கு அதுவே மைதானம். முழுக் கார்டும் வேண்டுமென்றால் பெரிய டிஸ்க்கையும் ஏற்கும் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை எழுதிய ரோம் சில்லை நெட்வொர்க் கார்டின் காலி சாக்கெட்டில் செருகுங்கள். அப்போதும் டாஸில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது.