நந்தன் கீர்த்தனையும் தஞ்சைப் பண்ணைமுறையும்: ஆய்வுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரைச் சிதம்பரம் செல்லவிடாமல் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நம் காவிரிப் படுகையில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் கீர்த்தனையிலோ, பயிர்வேலையை முடித்த பின்னரே சிதம்பரம் போகலாம் என்று நிபந்தனை விதிக்கும் பண்ணையாரான வேதியர் கதையின் நடுவே வந்து நிற்கிறார். அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய 1843ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் இங்கு நீடித்த மிராசுதார் (நிலவுடைமையாளர்), பண்ணையாள் (பண்ணையோடு பிணைக்கப்பட்ட உழவுத் தொழிலாளி) உறவே அப்பாத்திரத்தை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. (பக்திச் சுவையை மட்டும் பேசும் உரைகள் இதைக் கடந்துபோய்விடுகின்றன.) அக்காலக் குத்தகை, பண்ணைக்கூலி பற்றிய ஆவணங்களைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ சரசுவதி மகால் நூலகத்திலோ பார்த்தவர்கள், அவற்றை எவ்வாறு தேடுவது என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மயிலாடுதுறை, திருவாரூர்ப் பகுதிகளில் நந்தன் கதாகாலட்சேபம் கேட்ட பெரியவர்கள் இருப்பின், வேதியர் வரும் கட்டத்தை அவையோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.