முட்டுக்காடு, கோவளம் பக்கம் தூண்டில்: ஆத்து மீன் பழக்கம்தான் இருக்கு, எங்கிருந்து தொடங்கறது?

பவானிக்கரை:

வணக்கங்க. வேலை மாறி கேளம்பாக்கம் வந்தாச்சு. ஊர்ல கட்லா, ரோகு, ஜிலேபி பிடிச்ச பழக்கம்தான், உப்புத்தண்ணி புதுசு. கையில இருக்கறது 7 அடி ராடு (மேல 10–30 கிராம்னு போட்டிருக்கு), 3000 சைஸ் ரீல், 0.35 மி.மீ தூண்டில் நரம்பு.

முட்டுக்காடு உப்பங்கழியிலயும் கோவளம் கல்லுக்கரையிலயும் போட்டுப் பார்த்தேனுங்க. மைதா உருண்டையை எதுவும் சீண்டல. மார்க்கெட் இறாலை உரிச்சு மாட்டினா ரெண்டு நிமிஷத்துல வெறும் முள்ளுதான் வருது, இல்லைன்னா கெளுத்தி. ஒரே ஒரு நல்ல இழுவை வந்து, நரம்பு அறுந்துபோச்சு. அறுந்த முனையைத் தடவினா நாலு விரக்கடைக்கு சொரசொரன்னு இருந்துச்சு. ஊர்ல இருந்து கொண்டுவந்த முள்ளெல்லாம் துரு பிடிச்சிருச்சு.

5,000 ரூபா வரைக்கும் செலவு பண்ணலாம்னு இருக்கேன். பெரிய ராடு வாங்கணுங்களா? இரை என்ன, எந்த நேரம் போறது? படகெல்லாம் வேண்டாமுங்க, கரையில நின்னு போட்டாப் போதும்.

ஈயக்குண்டு:

ராடை மாத்தாதீங்க. உப்பங்கழிக்கு அது தாராளம். காசை நரம்புலயும் முள்ளுலயும் போடுங்க.

அறுந்த முனையைப் பார்த்தீங்க பாருங்க, அது நல்ல பழக்கம். நீளவாக்குல சொரசொரன்னு தேஞ்சிருந்தா ஒண்ணு கொடுவா, இல்ல ஆளிச் சிப்பி ஒட்டின கல்லு. கொடுவாவுக்குக் கடிச்சு அறுக்கற பல்லு கிடையாது. ஆனா வாய் ஓரம் உப்புத்தாள் கணக்கா இருக்கும், செவுள் மூடியோட விளிம்பு பிளேடு. மீன் தலையை உலுக்க உலுக்க நரம்பு தேஞ்சுக்கிட்டே வரும். ஒரே வெட்டா சுத்தமா அறுந்திருந்தா சீலாவோ பேத்தையோ. முனை சுருள் சுருளா வந்திருந்தா மீன் மேல பழி போடாதீங்க, முடிச்சு வழுக்கியிருக்கு.

வாங்க வேண்டியது: 20 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு) 150 மீட்டர், 0.50 மற்றும் 0.60 மி.மீ நரம்பு ஒவ்வொரு சுருள், 15–20 கிராம் ஓட்டை ஈயம், சுவிவல் (சுழலற இணைப்பு வளையம்), பிளாஸ்டிக் மணி, 2/0 சர்க்கிள் முள் (முனை உள்பக்கமா வளைஞ்சது). பிரெய்டை நேரா ஸ்பூல்ல கட்டினா மீன் இழுக்கும்போது முழுசா சேர்ந்து சுத்தும். அடியில பழைய நரம்பை ஒரு பத்து சுத்து சுத்திட்டு, அதோட முடிச்சுப் போட்டு மேல ஏத்துங்க. ஏத்தும்போது ஈரத்துணியால அழுத்திப் பிடிச்சு இறுக்கமா ஏத்தணும். தொளதொளன்னு ஏறினா நாலாவது வீச்சுலயே ஒரு கொத்து சிக்கல் வெளிய வரும்.

கட்டு இப்படி: பிரெய்ட் முனையில 1 மீட்டர் 0.50 நரம்பை டபுள் யூனி முடிச்சுல சேருங்க (பிரெய்ட் பக்கம் 6 சுத்து, நரம்பு பக்கம் 4, எச்சில் தொட்டு இறுக்கணும்). அந்த நரம்புல ஈயம், அதுக்கு அடுத்து மணி, அப்புறம் சுவிவல். மணி எதுக்குன்னா, அது இல்லைன்னா ஒவ்வொரு வீச்சுக்கும் ஈயம் போய் முடிச்சைத்தான் அடிக்கும். சுவிவலுக்குக் கீழ 50 செ.மீ 0.60 லீடர் (முள்ளுக்கு முன்னால வர்ற தடிச்ச நரம்பு), முனையில சர்க்கிள் முள். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லீடரோட கடைசி ஒரு சாண் நீளத்தை விரல்ல தடவிப் பாருங்க. சொரசொரப்பு தட்டினா யோசிக்காம வெட்டிட்டு மறுபடி கட்டுங்க.

டிராக் (மீன் இழுத்தா ஸ்பூல் நழுவற இறுக்கம்) 2 கிலோவுக்கு மேல வேண்டாம். கைத்தராசு கொக்கியில நரம்பைக் கட்டி, ராடை வளைச்சு இழுத்துப் பாருங்க. 2 கிலோ காட்டும்போது ஸ்பூல் நழுவ ஆரம்பிக்கணும்.

முக்கியமா, ஆத்து மீனுக்கு வெட்டி இழுக்கற மாதிரி இதுல இழுக்கக் கூடாது. சர்க்கிள் முள்ளை வெடுக்குன்னு இழுத்தா வாயில இருந்து நழுவி வந்துடும். மீன் எடுத்துட்டு ஓடட்டும், நீங்க நிதானமா சுத்துங்க. முள்ளு தானா வாய் ஓரத்துல போய் மாட்டும்.

கழிமுகம்:

கட்டெல்லாம் சரி. ஆனா நின்ன தண்ணியில எந்தக் கட்டு போட்டும் பிரயோஜனமில்ல. ஆத்துக்காரங்க இடத்தைத் தேடுவாங்க, இங்க நேரத்தைத் தேடணும்.

முதல்ல முட்டுக்காடு முகத்துவாரம் திறந்திருக்கான்னு பாருங்க. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் மணலை உடைச்சு வழி விடும். கோடையில மணல் திட்டு சேர்ந்து அடைக்கும். அடைச்சிருந்தா உள்ள ஏத்தமும் இல்ல, வத்தும் இல்ல. அப்போ விடியக்காலையும் அந்தி நேரமும்தான் கணக்கு. திறந்திருந்தா சென்னைக்கான ஓதப் பட்டியலை (கடல் ஏறி இறங்கற நேர அட்டவணை) பார்த்துக்கோங்க. ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்து. அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல்ல ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், அஷ்டமி பக்கம் அதுல பாதிகூட இருக்காது.

பட்டியல்ல இருக்கறது கடலோட நேரம். கழிக்குள்ள அது பிந்தித்தான் வரும். போனதும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சியை நட்டு வையுங்க, கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க. ஏறுதா இறங்குதான்னு அதுவே சொல்லிடும். ஏத்தத்தோட கடைசி ரெண்டு மணி நேரம், இறக்கத்தோட முதல் ரெண்டு மணி நேரம், இதுதான் நல்ல நேரம். இறங்கும்போது சின்ன ஓடை கழியில சேர்ற வாயில போடுங்க. இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணியோட வெளிய வரும், கொடுவா அங்கதான் காத்திருக்கும். படகுக் குழாம் பக்கம் போட வேண்டாம். ஈ.சி.ஆர். பாலத்து மேல நின்னு வீசறவங்களைப் பார்த்துட்டு நீங்களும் ஏறிடாதீங்க. பின்னால பஸ் போகுது, முள்ளு எங்க போய் மாட்டும்னு சொல்ல முடியாது.

இரை காணாமப்போறது கீச்சானும் நண்டும் பண்ற வேலை. ஐஸ்ல கிடந்த இறால் சதை கொழகொழன்னு இருக்கும், அதையும் உரிச்சுப் போட்டா கேட்கவே வேண்டாம். ஓட்டோட மாட்டுங்க. இல்லைன்னா மடவை வயித்துத் துண்டை, தோல் விடாம, சுண்டு விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுங்க. கெளுத்தி மோப்பத்துல தரையில மேயற மீன். தக்கை போட்டு இரையை தரையில இருந்து ஒரு முழம் மேல நிறுத்தினா பாதித் தொல்லை குறையும்.

நிஜமான இரை உயிர் இறால்தான். வீச்சு வலை போடறவங்ககிட்டயும், பறியை வாயில கடிச்சுக்கிட்டு கையாலயே இறால் துழாவற இருளர் மக்கள்கிட்டயும் அப்போ பிடிச்சதாக் கேட்டு வாங்கலாம். விரல் நீளம் போதும். 10 லிட்டர் வாளிக்கு இருபதுக்கு மேல போடாதீங்க, பேட்டரி ஏரேட்டர் ஓடணும், வாளி நிழல்ல இருக்கணும். தண்ணி அந்தக் கழித் தண்ணியேதான், குழாய்த் தண்ணி ஊத்தினா செத்துடும். வெயில் ஏறினா உறைஞ்ச தண்ணி பாட்டிலை மூடியோட உள்ள மிதக்க விடுங்க.

மாட்டறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா தலைக்குள்ள கறுப்பா ஒண்ணு தெரியும். அதைக் குத்தினா இறால் அங்கேயே காலி. அதுக்கு முன்னால, கொம்புக்கு அடியில குறுக்கா முள்ளை ஏத்துங்க. ஓட்டம் வேகமா இருந்து தூரமா வீசணும்னா வாலோட கடைசிக் கணுவுல மாட்டலாம்.

ஜிக்மணி:

கழிமுகம் அண்ணன் சொன்னா சரிதான், ஆனா ஆபீஸ் போறவங்க விடியக்காலையில உயிர் இறாலைத் தேடி அலைய முடியுமா? 4 இஞ்ச் ரப்பர் மீனும் 10 கிராம் ஜிக் ஹெட்டும் (ஈயத்தலை வெச்ச முள்) இருந்தா பையில போட்டுக்கிட்டுப் போயிடலாம். ப்ரோவோட ராடு அதுக்குன்னே செஞ்சது. பிரெய்ட்ல நேரா 0.60 லீடர் 80 செ.மீ, வேற எதுவும் வேண்டாம். வீசி, தரை தொட விட்டு, ரெண்டு சுத்து சுத்தி நிறுத்துங்க. கொடுவா அடிக்கறது பெரும்பாலும் அந்த நிறுத்தத்துலதான்.

கோவளம் கல்லுக்கரையில விடியும்போது 20–28 கிராம் மெட்டல் ஜிக் (உலோகப் போலி மீன்). இங்க நிறுத்தவே கூடாது, பாரையும் சீலாவும் ஓடற இரையைத்தான் துரத்தும். சீலா இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் 15 செ.மீ ஸ்டீல் வயர் போடுங்க. எப்பவும் வயரோட போட்டா கொடுவா கிட்டயே வராது. மலிவு லூர்ல (போலி இரை) வர்ற மும்முள்ளையும் வளையத்தையும் வாங்கின அன்னைக்கே மாத்திடுங்க, பாரை இழுத்தா நேரா நிமிர்ந்துடும்.

கழிமுகம்:

மழைக்கு அப்புறம் கழி டீ நிறத்துல ஓடும்போது ரப்பர் மீனைப் போட்டுப் பாருங்க தம்பி, அப்புறம் பேசலாம்.

ஜிக்மணி:

கறுப்பு ரப்பர் போட்டு, கலங்கலும் தெளிவும் சேர்ற கோட்டு ஓரமா மெதுவா இழுக்கணும் அண்ணே. அடிக்கும். ஆனா அன்னைக்கு இறால் கிடைச்சா நானும் இறால்தான் போடுவேன், ஒத்துக்கறேன்.

கரைவலை:

மீன் பிடிப்பதைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். பிடித்த மீனைக் கையாள்வது பற்றி யாரும் பேசவில்லை.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். மூன்றிலும் அரம் போன்ற பற்களும் விஷமும் உண்டு. மீனைக் கையால் பிடிக்காதீர்கள். ஈரத்துணியால் தரையில் அழுத்தி, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். உதைத்துத் தள்ளுவதும் வேண்டாம், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஓரா மீனின் துடுப்பு முட்களும் இதே ரகம்தான். குத்திவிட்டால், குத்திய இடத்தைக் கை பொறுக்கும் சூட்டில் (45 டிகிரிக்கு மேல் போகாமல்) வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள். வலி நன்றாகக் குறையும். சூட்டை மற்றொரு கையால் பார்க்க வேண்டும், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு மருத்துவரிடம் போய் டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். முள் உடைந்து உள்ளே நின்றால் வீட்டில் தோண்டக் கூடாது.

உப்பங்கழியில் இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். மிதித்தால்தான் வாலை வீசும். தூண்டிலில் கடல் பாம்பு வந்தால் முள்ளைப் பற்றிக் கவலைப்படாமல் நரம்பை வெட்டி விடுங்கள். பேத்தையைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது.

கல்லுக்கரையிலோ தூண்டில் வளைவிலோ (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்பு) ஏறும் முன் கால் மணி நேரம் அலையைப் பாருங்கள். ஏழெட்டுச் சின்ன அலைக்குப் பிறகு வரும் பெரிய அலை எந்தக் கல் வரை நனைக்கிறதோ, அதற்கு மேல்தான் நிற்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். இன்காய்ஸ் (கடல் நிலை எச்சரிக்கை தரும் மத்திய அரசு நிறுவனம்) உயர் அலை எச்சரிக்கையோ கள்ளக்கடல் எச்சரிக்கையோ கொடுத்திருந்தால், உள்ளூரில் காற்றே இல்லாவிட்டாலும் போகாதீர்கள். அந்த அலை தொலைதூரத்தில் கிளம்பி வருவது.

குப்பத்து ஆட்கள் வலை இழுக்கும்போது தூண்டிலை எடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வலையில் உங்கள் முள் மாட்டினால் இழுக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கிழிந்தால் அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது, கரைத் தூண்டிலுக்கு அல்ல. கூவம், அடையாறு முகத்துவாரங்களில் மீன் கிடைக்கும். ஆனால் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததைச் சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

பவானிக்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னும் மூணு சந்தேகம். ரீலை எப்படிக் கழுவறது? கொடுவா மாட்டினா எந்த அளவை விடணும்? வீட்டுல பையனுக்கு எட்டு வயசு, அவனையும் கூட்டிட்டுப் போற மாதிரி லேசான மீன் ஏதாச்சும் இருக்குங்களா?

ஈயக்குண்டு:

ரீல்: வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முழுசா இறுக்குங்க. அப்போதான் தண்ணி டிராக் வாஷருக்குள்ள போகாது. நல்ல தண்ணியை மெதுவா ஊத்துங்க. பைப்பை அழுத்திப் பீச்சினா உப்பை உள்ள தள்ளிவிடறீங்கன்னு அர்த்தம். வாளியில முக்கவும் கூடாது. துடைச்சுட்டு டிராக்கைத் தளர்த்திக் காய வையுங்க. நரம்பு ஓடற சின்ன உருளையில ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, முதல்ல சிக்கிக்கறது அதுதான். ராடு வளையங்களையும் துடைங்க. நனைஞ்ச முள்ளை புது முள் டப்பாவுல போடாதீங்க, உங்க முள்ளு மொத்தமும் துருப்பிடிச்சது அப்படித்தான் இருக்கும்.

கொடுவா: சின்னதையும் விடுங்க, ரொம்பப் பெருசையும் விடுங்க. அது முதல்ல ஆண், வளர்ந்தப்புறம்தான் பெண்ணா மாறும். அதனால பெருசெல்லாம் பெரும்பாலும் முட்டை போடற பெண் மீனு. ஒண்ணு, ஒன்றரை கிலோ சைஸ்ல வீட்டுக்கு ஒண்ணு போதும். இந்தியாவுல கொடுவாவை முதல்முறையா வளர்ப்புல இனப்பெருக்கம் பண்ண வெச்சது சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்), 1997-ல. அவங்க பரிசோதனை நிலையம் நீங்க நிக்கற அதே முட்டுக்காட்டுலதான் இருக்கு.

பையனுக்கு கிழங்கான். பழைய 0.35 நரம்பை எறியாதீங்க, இன்னொரு ஸ்பூல்ல சுத்தி வையுங்க, இதுக்கு அதுதான் சரி. அடியில 20–30 கிராம் ஈயம், அதுக்கு மேல ஒரு சாண் இடைவெளியில ரெண்டு கிளை, கிளை ஒவ்வொண்ணும் 15 செ.மீ, 8-ம் நம்பர் நீளக்கால் முள். கிழங்கானுக்கு வாய் சின்னது, அதனால இறால் வாலை நகம் அளவுக்கு நறுக்கிப் போடுங்க. கோவளத்துல கல்லை விட்டுத் தள்ளி மணல் கரைக்குப் போங்க. எல்லாரும் தூரமா வீசுவாங்க, நீங்க வீசாதீங்க. அலை உடையற இடத்துக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், தண்ணி அங்க கொஞ்சம் கறுப்பாத் தெரியும். 15–20 மீட்டர்தான். அதுல போட்டு ஈயத்தை மணல்ல மெதுவா இழுத்துட்டே வாங்க. டொக் டொக்குன்னு ரெண்டு தட்டு தட்டும், உடனே சுத்திடலாம். பையனைத் தண்ணியில இறக்காதீங்க, ஈர மணலுக்கு மேல நின்னு வீசினாலே அந்தப் பள்ளம் எட்டும்.